விடுபட்ட வாக்கியம்

பதினோராவது வீட்டைப் பற்றி அந்த நர்ஸ் பேச ஆரம்பித்தபோது கிளி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். கை திருகியது, காது கேட்டது, வாய் மொழிபெயர்த்தது. பதினான்கு வருஷப் பழக்கத்தில் மூன்றும் தனித்தனி ஆட்களாகவே வேலை பார்க்கும். சொன்னதைச் சொல்கிறவள் என்பதால் அலுவலகத்தில் வைத்த பெயர்தான் கிளி. முதலில் எரிச்சல் வந்தது, பிறகு பெயர் ஒட்டிக்கொண்டது.

மொழிபெயர்ப்பாளர்கள் உட்காரும் கண்ணாடி அறைக்கு அந்தப்புறம் மண்டபத்தில் முப்பத்தாறு நாட்டுப் பிரதிநிதிகள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நிறத்தையும் பிறப்பையும் காட்டி வீடு, வேலை மறுப்பதற்கு எதிராக இந்த நாடுகளெல்லாம் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் எழுதுவதாக ஏற்பாடு. ஒரு கால்புள்ளிக்காக மூன்று நாள் மல்லுக்கட்டியவர்கள், இன்றைக்குத்தான் அடிபட்டவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். வேறு நாட்டிலிருந்து இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்த நர்ஸ்தான் முதல் சாட்சி. அவளுடைய மொழி தெரிந்தவர்கள் அந்தக் கட்டடத்தில் இரண்டே பேர். ஒன்று கிளி, இன்னொருவர் பக்கத்து நாற்காலியில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த சீனியர். அவரை அவள் அண்ணா என்பாள். அரை மணிக்கு ஒருவராக மாறி மாறிப் பேச வேண்டும். நர்ஸ் சொல்வதை மண்டபத்துக்கும், மண்டபம் கேட்பதை நர்ஸின் காதுக்கும் கொண்டுபோவது இவர்கள் பொறுப்பு. மற்ற மொழிக்காரர்களும் இவர்கள் சொல்வதைக் கேட்டுத்தான் தங்கள் மொழியில் சொல்வார்கள். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இந்த வேலையில் தர்மம் என்று இருப்பது அது ஒன்றுதான்.

வாடகை வீடு தேடி நர்ஸ் ஏறி இறங்கியதில் முதல் பத்து வீட்டுக் கதையும் கிளியின் வாய்வழியே தடங்கலில்லாமல் போயிற்று. போனில் சரி என்பார்கள். ஆளைப் பார்த்ததும் வேறு யாருக்கோ விட்டாயிற்று என்பார்கள். என்ன ஜனங்களோ என்று நடுநடுவே மனசுக்குள் சலித்துக்கொள்ளக்கூட அவளுக்கு நேரம் இருந்தது.

பதினோராவது வீட்டுக்குப் பச்சை கேட். மாடிக்கு வெளிப்பக்கமாக இரும்புப் படி. வாசலில் பழைய தையல் மிஷினின் காலை வைத்து, அதன்மேல் பூந்தொட்டிகளை அடுக்கியிருந்தார்கள். தையல் மிஷின் என்று மண்டபத்துக்குச் சொல்லி முடித்த பிறகுதான் அது தன் மாமியாருடையது என்பது கிளிக்கு உறைத்தது. வாய் மட்டும் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தது.

நாலு வருஷம் ஆகியிருக்கும், ஒரே ஒரு தடவை பார்த்த முகம் நினைவில் நிற்கவில்லை. மாடியை வாடகைக்குக் கேட்டு நர்ஸ் போன் செய்திருந்தாள். மருமகளுக்கு ஆறு பாஷை தெரியும் என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடிக்கிற மாமியார், போனை அவள் கையில் கொடுத்தே பேசச் சொன்னார். நர்ஸ் என்றால் அவசர ஆத்திரத்துக்கு உதவும் என்று கணக்கு. தாராளமாக வாருங்கள், உங்கள் வீடாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று கிளிதான் சொன்னாள். மறுநாள் இரண்டு பையும் தோளில் தூங்கும் குழந்தையுமாக நர்ஸ் வந்து நின்றாள். கதவைத் திறக்க வந்த மாமியார் பாதியில் நிறுத்தினார். சிரித்த முகம் மாறாமல் மருமகளிடம் சொன்னார்.

"இந்தக் கலர்ல ஒருத்திய மாடியில வச்சா நாளைக்கு நம்ம வீட்டுப் படிய யாரு மிதிப்பா? எதையாவது சொல்லி அனுப்பு."

அதை அப்படியே சொல்லக் கிளிக்கு நாக்கு எழவில்லை. மாடிக்குத் தண்ணீர் ஏறுவதில்லை, குழந்தையை வைத்துக்கொண்டு திண்டாடிப்போவீர்கள் என்று அவளாக ஒன்றைக் கட்டிச் சொன்னாள். உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னாள். நர்ஸ் அவள் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் பைகளைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒருத்தியை அவமானத்திலிருந்து காப்பாற்றிவிட்டோம் என்று அன்றைக்கெல்லாம் கிளிக்கு ஒரு திருப்தி.

"அடுத்த வாரம் அந்தப் பக்கமா போனேன்," என்றாள் நர்ஸ். "மாடியில வேற குடும்பம். துணி காய்ஞ்சிட்டிருந்துச்சு, தண்ணி சொட்டச் சொட்ட."

கிளி அதையும் சொன்னாள்.

"பத்து பேரு மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்தினாங்க. அவங்கள மறந்துட்டேன். இந்த வீட்டுல ஒரு பொண்ணு எங்க பாஷையிலயே, கூடப் பொறந்தவ மாதிரி பேசி என்னை அனுப்பிவச்சா. அவ குரல்தான் இன்னும் காதை விட்டுப் போகல."

பத்துப் பேர் கதவைச் சாத்தினார்கள், அவர்களை மறந்துவிட்டேன் என்றாள் கிளி. அதோடு நிறுத்திக்கொண்டாள்.

மண்டபத்தில் பலர் தலையசைத்தார்கள். முன்வரிசையில் ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார். அண்ணாவின் பேனா நின்றது. அவள் காதில் விழாமல் போயிருக்கும் என்று நினைத்துவிட்டார், பாவம். விடுபட்டதைத் தாளில் எழுதி அவள் முன்னால் தள்ளினார். அவள் தாளைத் தொடவில்லை. மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளட்டுமா என்று சைகையில் கேட்டார். அவர் வாய்க்குப் போனால் அந்த வாக்கியம்தான் முதலில் வெளியே வரும். கிளி வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அதற்குள் தலைவர் பேச ஆரம்பித்துவிட்டார். நர்ஸின் மன்னிக்கும் மனசை இந்த அவை மெச்சுகிறது என்றார். ஒப்பந்தத்தில் எதைச் சேர்க்கச் சொல்வீர்கள் என்று கேட்டார். காலையில் அவளை வரவேற்றதைச் சொன்னது அண்ணா, இதை நர்ஸின் காதுக்கு அவள் மொழியில் கிளிதான் சொல்லியாக வேண்டும். முடிந்தமட்டும் குரலைச் சன்னமாக்கிக்கொண்டு கிளி சொன்னாள்.

நர்ஸின் கை காதுக்குப் போனது. கருவியை அழுத்திப் பிடித்தாள். பிறகு மெல்லத் திரும்பி, சுவரோரம் வரிசையாக இருந்த கண்ணாடி அறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கிளியிடம் வந்ததும் பார்வை நின்றது.

"நான் யாரையும் மன்னிச்சதா சொல்லலையே," என்றாள் மைக்கில். "ஒரு பொண்ணைப் பத்திச் சொன்னேன். அத இவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்களா?"

குரலில் கோபம் இல்லை. நோயாளியிடம் மாத்திரை போட்டாயிற்றா என்று விசாரிக்கிற குரல்தான். அண்ணா தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நாற்காலியை ஒரு சாண் பின்னால் இழுத்துக்கொண்டார். தலைவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நர்ஸ் சொன்னது என்ன என்று காத்திருந்தார். கிளிக்கு வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

மண்டபத்தில் ஒவ்வொருவராகக் காதுக் கருவியைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். பழுது தங்களுடையதில்தான் என்று எண்ணி, முப்பத்தாறு நாட்டுக்காரர்களும் குனிந்து ஒலியைக் கூட்டிக்கொண்டே போனார்கள்.