ஆரஞ்சு உரிக்கும் கோல்கீப்பர்

புனே பக்கம் சிஞ்ச்வட்டில் வைஜயந்தி குடியிருக்கும் அடுக்குமாடி சொசைட்டியில் ரெமி லகார்தைத் தெரியாதவர் இல்லை. பிரான்சில் அவர் ஊரிலேயே தெரிந்தவர் இல்லை. இரண்டாம் டிவிஷன் கால்பந்து அணியொன்றின் மாற்று கோல்கீப்பர். ஒன்பது வருஷமாக பெஞ்சைத் தேய்த்ததோடு சரி, ஒரு நிமிஷம்கூட ஆடியதில்லை. தன் அணி கோல் மேல் கோல் வாங்கும்போதும் அவர் நிதானமாக ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்ததை டிவியில் பார்த்த அன்றே வைஜயந்தி அவரிடம் விழுந்துவிட்டாள்.

அந்த கிளப் இணையத்தில் அபிமான வீரருக்கு வாக்கெடுப்பு வைத்தது. வைஜயந்தி ஆறு விங்கிலும் ஒரு கதவு விடாமல் தட்டினாள். லிஃப்டில் அவளிடம் மாட்டியவர்கள் ஓட்டுப் போடாமல் இறங்க முடியவில்லை. அவருக்கு பிரான்சில் பதினொரு ஓட்டு, சிஞ்ச்வட்டில் அறுநூற்று நாற்பது. ரெமிதான் முதலிடம்!

அபிமான வீரரை எத்தனை நாள் உட்கார வைப்பது? சனிக்கிழமை ஆட்டத்தில், எண்பத்தொன்பதாவது நிமிஷத்தில் கோச் அவரைக் களத்தில் இறக்கினார். பாதி ஆரஞ்சைப் பக்கத்து ஆள் கையில் திணித்துவிட்டு ரெமி ஓடினார்.

வைஜயந்தி பால்கனியில் தீபாவளி மிச்சச் சரத்தைக் கொளுத்தினாள். கணவர் ஜம்பு குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடிவந்தார்.

"என்னடி, ஜெயிச்சுட்டோமா?"

"நாலு கோல்ல தோத்துண்டிருக்கோம்! அதை யார் பார்த்தா? நம்ம ரெமி எழுந்து நின்னுட்டாரே!"