தொடாமல் விட்ட ஜாதகம்

“ஏனுங்க அம்மணி, ஊட்டுக்குள்ள நொழைஞ்ச திருடன் எதையும் எடுக்காம, கூட்டிப் பெருக்கிவெச்சுட்டுப் போவானுங்களா?” என்று கேட்டுவிட்டு, பாலுசாமி மோர் டம்ளரை, விசாரிக்க வந்திருந்த லோகப்பிரியா பக்கம் நகர்த்தினார். ஆர்.எஸ்.புரத்தில் இருக்கும் அவருடைய திருமணத் தகவல் மையத்தைத் தெரியாத வீடு கோவைச் சுற்றுவட்டாரத்தில் குறைவு. அதன் கம்ப்யூட்டருக்குள் யாரோ புகுந்து, செவ்வாய் தோஷமுள்ள பெண்களின் பிறந்த நேரத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். நேரம் நகர்ந்தால் லக்கினம் நகரும், லக்கினம் நகர்ந்தால் தோஷம் போச்சு. பெண்ணைப் பெற்றவர்கள் கண்டும் காணாத மாதிரி இருந்துவிட்டார்கள். அவிநாசிப் பக்கத்து மாப்பிள்ளை வீட்டார் ஒருவர், பெண் வீட்டுப் பழைய ஜாதகத்தை வாங்கி ஒப்பிட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

ஆள் யார் என்பதில் பாலுசாமிக்குச் சந்தேகமே இல்லை. சாப்ட்வேர் எழுதிக் கொடுத்த ரவிதேஜா. மனக்கசப்பில் வேலையை விட்டவன், அடுத்த மாதம் ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறவன். போலீசில் புகார் விழுந்தால் அந்தப் பயணம் அதோகதிதான். புகாரை எழுதியே மேஜை மேல் வைத்திருந்தார். “வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்பேனுங்க. நீங்க வேற பேரு சொல்லலீன்னா கொண்டுபோய்க் குடுத்துப்போடுவேன். கண்ணு கண்ணுன்னு கூப்புட்டவனுங்க நானு” என்றார்.

சரவணம்பட்டியில் லோகப்பிரியா வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் பாதுகாப்புக் கம்பெனியில் மற்றவர்கள் எல்லாம் பூட்டு எப்படி உடைந்தது என்று பார்ப்பார்கள். இவள், உடைத்தவர் எப்படிப்பட்டவர் என்று பார்ப்பாள். மனோதத்துவம் படித்தவள். கொலை நடந்த இடத்தை வைத்துக் கொலைகாரனின் குணத்தைக் கணிக்கும் வித்தை இருக்கிறதல்லவா, அதை ஹேக்கர்களிடம் பிரயோகித்துப் பார்ப்பதுதான் இவள் பிழைப்பு. எதைத் தொட்டார், எதை விட்டார், அவசரப்பட்டாரா, போகும்போது கதவைச் சாத்தினாரா என்று தோண்டிக்கொண்டே இருப்பாள். ஆபீஸில் ‘குறி சொல்றவ’ என்று பட்டப்பெயர். சொல்லிவிட்டுப் போகட்டும், அவள் குறி இதுவரை பெரிதாகப் பிசகியதில்லை.

ரவிதேஜா வைத்த ஓட்டை என்னவோ உண்மைதான். பதிவு செய்துள்ள எவரும் தன் கணக்கில் நுழைந்து, பக்கத்தின் முகவரியில் தன் எண் இருக்கும் இடத்தில் வேறு எண்ணைப் போட்டால் அடுத்தவர் பக்கம் திறந்துகொள்ளும். யார் நுழைந்தார் என்று குறித்துவைக்கும் ஏற்பாடும் இல்லை, எந்தப் பக்கம் எப்போது திறந்தது, எது மாறியது என்பது மட்டும் தெரிந்தது. சோம்பேறி வேலை. ஆனால் மாற்றியவர் சோம்பேறி இல்லை. ரவிதேஜா கோபக்காரன், கோபக்காரன் நுழைந்திருந்தால் நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி எல்லாவற்றையும் போட்டு உடைத்திருப்பான். இங்கே போட்டோ, போன் நம்பர், சம்பளம் எதுவும் கலையவில்லை. முப்பது தாண்டிய பெண்கள், வருடக்கணக்காகக் காத்திருப்பவர்கள், அவர்களை மட்டும் ஒவ்வொருவராகத் திறந்து, நிதானமாகப் படித்து, தோஷம் விலக எவ்வளவு தேவையோ அவ்வளவே நேரத்தை நகர்த்தியிருந்தது அந்தக் கை. மாற்றிய பிறகு திரும்ப வந்து ஒருமுறை சரிபார்த்தும் இருந்தது. விடைத்தாள் திருத்திப் பழகிய கை என்று லோகப்பிரியாவுக்குத் தோன்றியது. எத்தனையோ ஹேக்கர்களைப் பார்த்தவள் அவள். பணத்துக்கு வந்தவர்கள் உண்டு, வீம்புக்கு வந்தவர்கள் உண்டு. பரிவோடு உள்ளே வந்த ஒருவரை இப்போதுதான் பார்க்கிறாள். மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

மாறிய ஜாதகங்களை எவ்வளவு நேரம் பார்த்தும் ஆள் சிக்கவில்லை. வியாழக்கிழமை, மாறாதவற்றைப் பார்க்க ஆரம்பித்தாள். முப்பது தாண்டியவர், தோஷமுள்ளவர், வெகுகாலமாகக் காத்திருப்பவர், அப்படியும் தொடப்படாதவர் என்று ஒரே ஒருத்தி இருந்தாள். சுகந்தாமணி, தாராபுரம், கல்லூரியில் கம்ப்யூட்டர் ஆசிரியை. திரும்ப வந்து சரிபார்க்கிற ஆள் ஒருத்தியை மறந்துவிடுமா என்ன? வேண்டுமென்றே விட்டிருக்கிறது. லோகப்பிரியா உடனே தாராபுரத்துக்குப் பஸ் ஏறினாள்.

கல்லூரிக்கு எதிரில் இருந்த பேக்கரியில், டீயும் தேங்காய் பன்னும் வந்த பிறகு லோகப்பிரியா விஷயத்தைச் சொன்னாள். சுகந்தாமணி மறுக்கவில்லை. புடவைத் தலைப்பால் மேஜையில் சிந்தியிருந்த டீயை மெதுவாகத் துடைத்தாள்.

“எல்லாத்தையும் மாத்தினீங்களே, உங்களோடதை மட்டும் ஏனுங்க விட்டீங்க?”

“எனக்குக் கல்யாணமே வேண்டாமுங்க. நாஞ்சொன்னா எங்கூட்டுல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. செவ்வாய் சொன்னா நம்பறாங்க.” கொஞ்சம் சிரித்தாள். “என்னையக் காப்பாத்துற அதே செவ்வாய், வேணும்னு ஆசைப்படறவங்களப் போட்டுப் படுத்துது. அவங்க போட்டோவ வருசம் வருசமா மாத்தி மாத்திப் போடறதப் பாத்துட்டே இருந்தனுங்க. பொறுக்கல.”

லோகப்பிரியாவுக்கு எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் ரவிதேஜாவைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னாள். சுகந்தாமணி பன்னைத் தள்ளிவைத்தாள்.

“எம்பேரை நீங்க சொல்ல வேண்டாமுங்க. காலைல நானே வாரேன்.”

சொன்னபடி வந்தாள். பாலுசாமியிடம் எதையும் ஒளிக்காமல், தன் ஜாதகத்தை ஏன் விட்டாள் என்பதையும் சேர்த்தே சொன்னாள். அவர் முகம் வேர்த்துவிட்டது. ரவிதேஜா பெயர் போட்ட புகாரைக் கிழித்துக் கூடையில் எறிந்தார். “உங்கப்பாவுக்குப் போன் போடட்டுங்களா?” கோபத்திலும் மரியாதை குறையாத மனிதர். “வேண்டாம்னா எல்லாத்தையும் பழையபடி மாத்துங்க. என்ற கண்ணு முன்னால. ஒண்ணு உடாம.”

சுகந்தாமணி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முதல் பெயரைத் திறந்தாள். அப்போதுதான் குமாரசாமியும் அவர் மனைவி ராசாத்தாளும் மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள் தடவிய பத்திரிகை. “குலசாமிக்கு அடுத்தது உங்களுக்குத்தானுங்க. இந்தப் புள்ளைக்குக் கல்யாணம் கூடியே வராதுன்னு நெனச்சுட்டோம்” என்றார் குமாரசாமி. தாம்பாளத்தை நீட்டினார். பாலுசாமி இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். பத்திரிகையில் இருந்த மணப்பெண்ணின் பெயரும் திரையில் இருந்த பெயரும் ஒன்றுதான்.

ராசாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குங்குமச் சிமிழைச் சுகந்தாமணியிடம் நீட்டினாள். “நீயும் பாக்க லட்சணமா இருக்கற. உனக்கும் சீக்கிரம் கூடி வரோணும் அம்மணி.”

“சரிங்கம்மா” என்று சுகந்தாமணி குனிந்து எடுத்து வைத்துக்கொண்டாள். லோகப்பிரியா யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அவர்கள் படியிறங்கிப் போன பிறகும் பாலுசாமி தட்டோடு நின்றார். “இதை உட்டுப்போட்டு அடுத்ததை எடுங்க” என்றார், வேறு யாருக்கோ சொல்வது போல.

அடுத்தது திறந்தது. ஸ்டுடியோவில் எடுத்த போட்டோ, பச்சைப் பட்டு, சிரிக்காத ஒரு பெண். பாலுசாமி குனிந்து பெயரைப் படித்தார். ஊரைப் படித்தார். “இவங்களப் பாக்க ஞாயித்துக்கெழம ஆளுங்க வாராங்க” என்று முனகினார்.

சுகந்தாமணி திரும்பி அவரைப் பார்த்தாள். விரல் கீபோர்டுக்கு மேலேயே நின்றது. தட்டைக் கீழே வைக்க மறந்து, பாலுசாமி அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.