முதல் சாவிக்கே

காலை எட்டரை மணிக்கு அவள் காரின் சாவியைத் திருப்பினாள். வண்டி ர்ர்... ர்ர்... என்று முக்கி முனகியதே தவிர, எடுக்கிற வழியாக இல்லை. சட்டென்று சாவியை விட்டுவிட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் எடுத்திருக்கும். எடுத்து ஓடினால் இன்ஜின் சூடாகும். சூடானால் காரியமே கெட்டது.

பத்து மணிக்கு ஸ்டாப்வாட்ச் வருகிறார். பள்ளி வண்டிகளுக்கெல்லாம் பொறுப்பான மேலாளருக்கு ஆயாக்கள் வைத்த பெயர் அது. எந்த வண்டியைச் சேர்ப்பதானாலும் அவரே நேரில் வருவார். முதலில் பானட்டின் மேல் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால், தனக்காக யாரோ முன்பே ஓட்டித் தயார் செய்துவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்விடுவார். குளிர்ந்திருந்தால் அவரே உட்கார்ந்து சாவியைத் திருப்புவார். முதல் சாவிக்கே எடுக்க வேண்டும், அவ்வளவுதான். நடுச்சாலையில் நின்றுபோன பள்ளி வேன் ஒன்றை, உள்ளே இருபது பிள்ளைகள் அழ, ஒருநாள் அவரே தள்ளியிருக்கிறாராம். அதனால் அவரிடம் யாரும் வாதாடுவதில்லை.

அதே பள்ளியின் வேனில் ஐந்து வருடமாக அவள் ஆயா. பிள்ளைகளை ஏற்றுவது, இறக்குவது, பெல்ட் மாட்டுவது, ஒற்றைச் செருப்புக்கு ஜோடி தேடுவது என்று கதவோரத்து இருக்கையிலேயே காலம் போனது. வேன் நுழையாத சந்துகளுக்கு ஒரு கார் தேவை என்று அறிவிப்பு வந்த அன்றே, கார் வாங்கித் தானே ஓட்டுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். ஓட்டுநர் உரிமம் வாங்கி இரண்டு வருடமாகிறது. அலுவலகத்தில் ஒருவர், "ஆயாம்மாவா ஓட்டப் போறாங்க?" என்று கேட்டதும், இன்னொருவர் சிரித்ததும் அவள் காதில் விழாமலில்லை. இன்றைக்கு மட்டும் வண்டி காலை வாரினால், அந்தச் சிரிப்பை வேனின் கதவோரத்தில் உட்கார்ந்து இன்னும் எத்தனை வருடம் கேட்க வேண்டுமோ.

காரை வாங்கியது அவள், அழகு பார்த்தது அவள் கணவன். வண்டிகளுக்கு வர்ணம் அடிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அதை அவனே நாலு பேரிடம் சொல்லியும் விடுவான். பதினைந்து நாள் அந்தப் பழைய காரோடு குடித்தனம் நடத்தி, வெளிப்பக்கம் போதாதென்று பானட்டுக்கு அடியிலும் இளநீலம் அடித்து முடித்தான். அதன் பிறகுதான் இந்த இழுவை. நேற்று ராத்திரி மாடி வீட்டு டாக்ஸிக்காரர் பேட்டரி போச்சு என்றார். புதுப் பேட்டரி போட்டும் அதே முனகல். செல்ஃப் மோட்டார் என்றார். அதையும் கழற்றிப் பார்த்தார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஒர்க்ஷாப் திறக்கப் பதினொன்று ஆகும்.

"பழைய வண்டிம்மா. கொஞ்சம் முன்ன பின்னதான் இருக்கும்," என்றான் கணவன்.

வாங்கி வந்த அன்று இப்படி இல்லையே என்று அவள் யோசித்தாள். வேன் இப்படியே முனகியபோது அதன் ஓட்டுநர் ஒருநாள் கேபிள் வைத்துச் செய்த வேலை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர் யாருக்கும் எதையும் சொல்லித் தருகிற ஆள் இல்லை, ஆனால் ஐந்து வருடமாக இவள் கண்ணை மூடிக்கொண்டா உட்கார்ந்திருந்தாள்? மாடிக்கு ஓடினாள். டாக்ஸிக்காரரிடம், வண்டிக்கு வண்டி கரண்ட் கொடுக்கும் ஜம்பர் கேபிளை வாங்கி இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தாள். கறுப்புக் கேபிளின் ஒரு கிளிப்பைப் பேட்டரியின் மைனஸில் கவ்வவிட்டாள். மறு கிளிப்பை இன்ஜினின் வெற்று இரும்பில். உள்ளே போய்ச் சாவியைத் தொட்டாள்.

முழுதாகத் திருப்பக்கூட விடவில்லை, வண்டி பிடித்துக்கொண்டது. அடுத்த நொடியே அணைத்துவிட்டு வெளியே குதித்தாள். பேட்டரியிலிருந்து போகிற கரண்ட்டுக்குக் குறையில்லை. வண்டியின் உடம்பு வழியாகத் திரும்பி வருகிற பாதையில்தான் எங்கோ அடைப்பு. மைனஸின் கறுப்பு வயரை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். அது பாடியில் ஒரு போல்ட்டில் போய் முடிந்தது. சுற்றிலும் இளநீலம்.

"என்னங்க, இந்தப் போல்ட்டக் கழட்டினீங்களா?"

"பின்ன? சோம்பேறிதான் போல்ட்டு மேலயே அடிப்பான். நான் ஒண்ணொண்ணாக் கழட்டி, அடியில மூணு கோட்டு அடிச்சு, காய வச்சுத்தான் திரும்ப மாட்டினேன்."

அவள் படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அரைகுறை பெயிண்டருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தால் வண்டி இந்நேரம் ஜோராக எடுத்திருக்கும். இரும்பும் இரும்பும் தொட வேண்டிய இடத்தில் மூன்று அடுக்குப் பெயிண்ட். கரண்ட் எப்படிப் போகும்? புரிந்ததும் அவன் முகம் தொங்கிப்போனது. அவளுக்குச் சிரித்திருக்க வேண்டாமோ என்று இருந்தது. ஸ்பேனரும் உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு அவள் குனிந்தபோது, அவன் கையைப் பிடித்தான்.

"நீ சுரண்டாத. குடு, நானே பண்றேன்."

போல்ட்டைக் கழற்றி, தன் பெயிண்ட்டைத் தானே தேய்த்தான். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு வேகமாக. நாணய அளவுக்கு வெள்ளை இரும்பு தெரிந்ததும் வயரின் முனையையும் தேய்த்து, இறுக்கி முறுக்கினான். மணி பத்தாக ஏழு நிமிடம்.

ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம் என்று கெஞ்சினான். அவளுக்கு மட்டும் ஆசையில்லையா? ஆனால் கையை எங்கே நிறுத்துவது? ஓடுகிற சத்தம் கேட்டால் இன்னும் கொஞ்சம் கேட்கத் தோன்றும், அவர் வாசலில் வந்து நிற்பார். சாவியை உருவி உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"எடுக்கலைன்னா?"

"கேபிள வச்சதும் எடுத்துச்சுல்ல. அத நம்பித்தாங்க ஆகணும்."

ஸ்டாப்வாட்ச் நான்கு நிமிடம் முன்னதாகவே வந்தார். வர்ணத்தைப் பார்க்கவே இல்லை. பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார், இடம் மாற்றி இன்னொரு தடவையும் வைத்தார். சாவிக்குக் கையை நீட்டினார். வியர்வையில் நனைந்திருந்த சாவியைப் புடவையில் துடைத்துக் கொடுத்தாள். அவர் உட்கார்ந்தார். அவள் கணவன் நீலத்தூள் படிந்த விரல்களோடு நின்றான்.

திருப்பினார். சொடக்குப் போடுகிற நேரம்கூட ஆகவில்லை, இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவர் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அணைக்காமலே இறங்கி, கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு, பின் இருக்கையில் போய் உட்கார்ந்தார்.

ஐந்து வருடப் பழக்கம், கால் தானாகப் பின் கதவுக்குப் போனது. அவர் பெல்ட் போட்டிருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தாள், கதவைச் சாத்தி இழுத்துப் பார்த்தாள், உதவியாள் உட்காரும் பக்கமாகச் சுற்றி நடந்தாள்.

"அங்க எங்கம்மா போறீங்க?" என்றார் அவர்.

எதிர்ப்பக்கம் ஓட்டுநர் கதவு விரியத் திறந்து கிடந்தது. யாருமில்லாத இருக்கை, இன்ஜினின் ஓட்டத்தில் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.