சாலமோன் மாமாவின் ஒரே ரோல்

எனக்குச் சந்தேக புத்தி என்று பியூலா சொல்வாள். கட்டிய மனைவியே சொன்ன பிறகு இல்லையென்று மறுத்தால் யார் நம்பப்போகிறார்கள்? ஆனால் நீங்களே சொல்லுங்கள். ஒழுங்காக வந்துகொண்டிருந்த ஃபிலிமில் திடீரென்று அம்மைத் தழும்பு மாதிரி வட்ட வட்டமாக விழுந்தால், யாரையும் சந்தேகப்படாமல் எப்படி இருப்பது?

சேலையூரில் கேம்ப் ரோட்டுக்கு உள்ளே தள்ளி எங்கள் வீடு. பின்பக்கக் குளியலறையில்தான் கருப்பு வெள்ளை ஃபிலிமை நானே கழுவுகிறேன். டெவலப்பரில் படம் எழும்பும், ஃபிக்ஸரில் நிலைக்கும். பெரிய வித்தை ஒன்றுமில்லை, ஆனாலும் என் கெமிக்கல் ஒருநாளும் தப்பாது என்று எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அந்தத் திமிருக்குக் கேடு வந்தது, தபீதாள் அக்கா எங்களோடு வந்து தங்கிய பிறகு.

அக்காவின் வீட்டுக்காரர் சாலமோன் மாமா போன மழைக்காலத்தில் மாரடைப்பில் தவறிவிட்டார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர். கடைசிக் காலத்தில் பழைய கேமரா ஒன்றை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வராமல், பள்ளிக்கரணைச் சதுப்பில் பறவைப் படம் எடுக்கப் போகிறேன் என்று கிளம்பிவிடுவார். அவர் போன பிறகு பார்த்தால் கேமராவுக்குள் ஒரே ஒரு ஃபிலிம் ரோல். ஸ்டுடியோக்காரர் அதைக் கழற்றிக் கொடுத்தார். அக்கா அதை என் கையில் வைத்தாள்.

"பறவை எடுக்கப் போனவர் ஒரு பறவையைக்கூட எனக்குக் காட்டலையேடா, தம்பி சீலா. சதுப்புல நடந்துட்டு வர்றவர் செருப்புல சேறு இருக்க வேணாமா? ஒருநாள்கூடப் பார்த்ததில்ல. அந்த மனுஷன் எங்க போனாரு, யாரைப் பார்த்தாரு, எனக்குத் தெரிஞ்சாகணும்."

செருப்பு விஷயம் எனக்கும் உறுத்தத்தான் செய்தது. அந்த ரோலை ஒரு தடவைதான் கழுவ முடியும், தப்பினால் போச்சு. அதனால் முதலில் சும்மா எடுத்த ஃபிலிமைப் போட்டுச் சோதித்தேன். அதில்தான் அந்த வட்டங்கள். வட்டத்துக்குள் படமே எழும்பவில்லை.

காற்றுக் குமிழியாக இருக்கும் என்று ஃபிலிமைச் சுற்றிப் போடும் சின்ன டேங்க்கைத் தட்டித் தட்டிக் கழுவினேன். போகவில்லை. எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதனால் அலசுவதற்குக் கேன் தண்ணீருக்கு மாறினேன். அப்போதும் போகவில்லை. கேன் போடும் தயாளனிடம், "இதுவும் போர் தண்ணிதானே? உண்மையைச் சொல்லு" என்று கேட்டேன்.

"இன்னா சார் பேஜார் பண்ற? ஃபிலிமா குட்ச்சிக்கினு கீது இந்தத் தண்ணிய?" என்று அவன் முறைத்தான்.

டெவலப்பர் விற்றவன் மேல் சந்தேகம் வந்தது. புதுசாகக் கரைத்தேன். கரைத்த கையோடு கழுவிய ஃபிலிம் ஒரு வட்டமும் இல்லாமல் சுத்தமாக வந்தது. மிச்சத்தைப் பாட்டிலில் மூடி வைத்து, பிறகு எடுத்துக் கழுவினால் மறுபடி வட்டங்கள். அப்படியென்றால் கோளாறு கடையிலும் இல்லை, தண்ணீரிலும் இல்லை. வீட்டுக்குள் யாரோ பாட்டிலில் கை வைக்கிறார்கள்.

"என்னை ஏன் பார்க்கறீங்க? உங்க பாட்டிலை நான் தொட்டதே இல்ல" என்றாள் பியூலா. கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "உங்க அக்காதான் அடிக்கடி அந்தப் பக்கம் போயிட்டு வராங்க. அந்த ரோல் வெளிய வர்றது அவங்களுக்கே வேணாமோ என்னவோ" என்றாள்.

பாட்டிலை வெள்ளை மக்கில் கவிழ்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். மேலே எண்ணெய் மினுமினுத்தது. எண்ணெய் ஒட்டிய இடத்தில் டெவலப்பர் எப்படி ஏறும்? மக்கோடு நேரே அக்காவின் அறைக்குப் போனேன். பைபிள் பக்கத்தில் ஜெப எண்ணெய்க் குப்பி, பாதிக்குமேல் காலி.

"ஆமா, நான்தான் ஊத்தினேன்" என்றாள் அக்கா, கொஞ்சமும் தயங்காமல். "ஆண்டவரே, அதுல தப்பா ஒண்ணும் இருக்கக்கூடாதுன்னு ஜெபம் பண்ணி ரெண்டு சொட்டு விட்டேன்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"எந்தத் தடவை நீ அந்த ரோலைப் போடுவேன்னு எனக்கு எப்படிடா தெரியும்?"

திட்டலாம் என்று போனவன் மக்கோடு திரும்பினேன். பாட்டிலைக் கொட்டிவிட்டுப் புதுசாகக் கரைத்து, அன்றைக்கே மாமாவின் ரோலைப் போட்டேன். அக்கா குளியலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

டேங்க்கைத் திறந்தேன். ஃபிலிம் முனையிலிருந்து முனைவரை வெறுமையாக இருந்தது. விளிம்பில் கம்பெனி அச்சடித்த எழுத்தும் எண்ணும் மட்டும் கருகருவென்று வந்திருந்தன. எழுத்து வந்தால் கெமிக்கல் சரி என்று அர்த்தம். மாமா ஃபிலிமின் நுனியைக் கேமராவுக்குள் இருக்கும் சுருளில் சரியாக மாட்டவே இல்லை. எத்தனையோ ஞாயிறு கேமரா சத்தம் மட்டும் போட்டிருக்கிறது, ஃபிலிம் நகரவில்லை. பறவையோ மனுஷியோ, இனி யாராலும் சொல்ல முடியாது.

அக்கா அதை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ பார்த்துட்ட. பார்த்துட்டு அழிச்சிட்ட. யாருடா அவ?"

எழுத்தைக் காட்டினேன், சுருளை விளக்கினேன். எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

"நான் அழமாட்டேன் சீலா. யாருன்னு மட்டும் சொல்லு."

இருந்தாளா இல்லையா என்றே தெரியாத ஒருத்தியைச் சாகும்வரை இவள் சுமப்பாள் என்று எனக்குப் பயமாக இருந்தது.

"படம் இருந்துச்சுக்கா. அவசரப்பட்டு ஃபிக்ஸருக்கு முன்னாடியே வெளிய எடுத்துட்டேன். வெளிச்சம் பட்டுப் போயிடுச்சு."

வெளிச்சம் பட்டால் ஃபிலிம் கறுத்துப்போகும், இப்படி வெறுமையாகாது. விஷயம் தெரிந்தவன் கேட்டால் காறித் துப்புவான்.

"இன்னா இருந்துச்சு?"

"நீதான். சர்ச் விட்டு வெளிய வர்ற. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு எடுத்திருக்காரு."

அக்கா கண்ணைச் சுருக்கினாள். "இன்னா புடவை கட்டியிருந்தேன்?"

"கருப்பு வெள்ளையில கலர் எப்படிக்கா தெரியும்?"

"சிரிச்சிக்கினு இருந்தேனா?"

"இல்ல. முறைச்சிக்கினு இருந்த."

அதைக் கேட்டதும் அவள் முகம் கோணியது. "பாவி, அதையாடா கெடுத்த!" என்று என் தோளிலும் முதுகிலும் அடித்தாள். அடித்துக்கொண்டே அழுதாள். நான் விலகாமல் நின்றேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்க வூட்டுக்காரர் எனக்கே தெரியாம என்னைப் படம் எடுத்திருக்காரு. இவன்தான் கழுவத் தெரியாம கெடுத்துட்டான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.