அம்சவள்ளியின் இடது கால்

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்ததும் வீரம்மாள் செய்த முதல் வேலை, மருமகளின் கைக்கெட்டும் இடத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளியதுதான். பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் சன்னி வந்துவிடுமாம். தொண்டை நனைய ஒரு வாய் கஷாயம் போதுமாம். பிள்ளை பெற்றவள் நாக்கு வறண்டு கிடப்பதுதான் குடும்பத்துக்குப் பெருமை என்று எந்தப் புண்ணியவான் சொல்லிவைத்தானோ, அவன் ஒருநாளும் பிள்ளை பெற்றிருக்க மாட்டான்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. ஓமந்தூர்ப் பக்கத்தில் சொந்தக் காணியும் கிணறும் உள்ள குடும்பம். மருமகள் தையல்நாயகிக்கு வலி எடுத்தும் பிள்ளை இறங்காமல், வண்டி கட்டிக் கொண்டுவந்து, ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிழைத்துக்கொண்டாள். இனித் தீட்டு கழிகிற வரைக்கும் அவள் காலைக் கீழே வைக்கக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

மறுநாள் காலை டாக்டர் ராஜாமணியம்மாள் வந்தார். தையல்நாயகியின் கெண்டைக்கால் இரண்டையும் அழுத்திப் பார்த்தார். மெல்ல எழுந்து வராந்தாவில் கொஞ்சம் நடக்கச் சொன்னார். தாகத்துக்கு வேண்டிய மட்டும் தண்ணீர் குடிக்கவும் சொன்னார்.

வீரம்மாளுக்குச் சுருக்கென்றது. பக்கத்துக் கட்டில் குப்பம்மாள் கூலி வேலைக்காரி. அவள் ஏற்கெனவே எழுந்து நடந்துகொண்டிருந்தாள்.

"நடக்கறதுக்கு எங்க வூட்டுப் பொண்ணு இன்னா, மல்லாட்டைச் செடி பிடுங்கப் போறவளா டாக்டரம்மா? கூலிக்காரிங்கதான் பெத்த மறுநாளு எழுந்திருப்பாங்க. எங்களுக்குன்னு ஒரு மரியாதை இருக்குதுங்க."

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. தாமும் முன்பெல்லாம் படுத்திருக்கத்தான் சொன்னதாக ஒப்புக்கொண்டார். யுத்தகாலத்தில் வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் கட்டில் போதாமல், பெற்றவர்களையும் ஆப்பரேஷன் ஆனவர்களையும் சீக்கிரமே எழுப்பி நடக்க விட்டார்களாம். இங்கேயும் அப்படிச் செய்து, கால்வீக்கம் குறைந்ததைப் பார்த்துத் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டாராம். அசையாமல் கிடந்தால் காலில் ரத்த ஓட்டம் மந்தமாகி, ரத்தம் உறைந்து கட்டியாகிவிடும். பெற்றவளுக்கு அது இன்னும் சுலபமாக நடக்கும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அதுதான் அடையாளம். அப்போது தேய்த்தால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் மூச்சை அடைத்துவிடும்.

"ஒரு காலு மட்டுமா டாக்டரம்மா?" என்றாள் தையல்நாயகி.

ஆமாம் என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். வீரம்மாள் குழந்தையின் துணியை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

தையல்நாயகிக்கு நாத்தனார் அம்சவள்ளியின் நினைவு வந்துவிட்டது. வீரம்மாளின் ஒரே பெண். போன மாசியில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். பெற்ற பிறகு உள்ளறையில் படுத்தபடியே கிடந்தாள். இடது கால் வீங்கி வெளுத்துப்போயிற்று. தீட்டுக் கழிக்கக் குளிக்க எழுந்தவள், மார்பை அடைக்கிறது என்றாள். அவ்வளவுதான், அப்படியே சரிந்துவிட்டாள். காத்துக்கருப்பு அடித்துவிட்டது என்று ஊரே சொன்னது. பாவம் காத்துக்கருப்பு, அது வந்து மறுப்பா சொல்லப் போகிறது!

கொஞ்ச நேரத்தில் தையல்நாயகியின் கணவன் தேவநாதன் வந்தான். பிள்ளை பார்க்கப் பங்காளி வீட்டு ஜனமும் கூடவே வந்து வராந்தாவை நிறைத்தது. டாக்டர் நடக்கச் சொன்னதை வீரம்மாள் சொல்ல, அவன் முகம் கறுத்தது. நாலு பேர் முன்னால் மானத்தை வாங்காதே, பேசாமல் கிட என்று பெண்டாட்டியை அதட்டினான்.

தையல்நாயகி எழுந்து உட்கார்ந்தாள். வயிற்றில் சுற்றியிருந்த கட்டுத்துணியைத் தளர்த்தினாள். கால்களைக் கீழே வைத்தாள். தலை சுற்றியது. குப்பம்மாள் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினாள். அத்தனை ஜனமும் பார்த்திருக்க, தையல்நாயகி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"படு புள்ள. பேஜாரு பண்ணாத. ஊரு சனம் பார்க்குது," என்றான் தேவநாதன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பார்க்கட்டும். அம்சவள்ளி கிடந்ததையும் இந்தச் சனம் பார்த்துக்கினுதான் இருந்துது."

சொல்லிவிட்டு அவள் வராந்தாவுக்கு நடந்தாள். ஜனம் தானாக விலகி வழிவிட்டது. கோடியிலிருந்த தண்ணீர்ப் பானை வரைக்கும் போய், அதைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். வீரம்மாள் பின்னாலேயே ஓடிவந்து, குடியைக் கெடுத்தவளே என்று வைதாள். தையல்நாயகி திரும்பி நின்றாள்.

"அத்தை, அவளுக்கு எந்தக் காத்துக்கருப்பும் அடிக்கல. ஒரு காலு வீங்கிக் கிடந்தா. நீங்க எண்ணெய் போட்டுத் தேய்ச்சீங்க, நான் காலைப் பிடிச்சிக்கினு இருந்தேன். தண்ணி கேட்டா, நாம குடுக்கல. அப்பிடி மரியாதையா சாவறதுக்கு என்னால ஆவாது. நான் எம் பொண்ணை வளர்க்கணும்."

அடித்துவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வீரம்மாள் உள்ளே போனாள். குனிந்து, கட்டிலுக்கடியில் தள்ளிய செம்பை வெளியே எடுத்தாள். திரும்பி வந்து பானையில் முகந்தாள். தேவநாதன் குறுக்கே வந்து, ஊர் என்ன சொல்லும் என்று கேட்டான்.

"வழிய வுடுடா. ஊரு கேட்டா நானே சொல்லிக்கிறேன். பெத்தவள அசையாமப் படுக்கப் போட்டு, தண்ணி குடுக்காம காய வெச்சி, அதுக்கு மரியாதைன்னு பேரு வெச்சேன். அந்த மரியாதைக்கு எம் பொண்ணைக் குடுத்தேன். இவளைக் குடுக்க மாட்டேன்."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பங்காளி வீட்டுப் பெண்களைப் பார்த்தாள்.

"நீங்களும் கேட்டுக்குங்க. பெத்தவளுக்குத் தண்ணி குடுங்க. டாக்டரைக் கேட்டு எழுப்பி நடக்க வுடுங்க. ஒரு காலு மட்டும் வீங்குனா தேய்க்காதீங்க, ஜல்தியா ஆஸ்பத்திரிக்கு வண்டியப் பூட்டுங்க."

செம்பை மருமகளிடம் நீட்டினாள்.

"இந்தா, குடி. குடிச்சிட்டு நட."