நான்கு வீட்டுக்கும் ஒரே ஹார்ட் டிஸ்க்

நாப்லுஸின் தெற்கு மலைச்சரிவில் உள்ள அந்தக் கட்டடத்துக்கு நான்கு தளங்கள். கீழே உம்மு நிஸார். அவருக்கு மேலே மூத்த மகன் நிஸார், அவருக்கும் மேலே நடு மகன் வாயிலும் அவன் மனைவி ரிஹாபும். உச்சியில் கடைக்குட்டி குஸை இருந்தான். கல்யாணப் பூங்கொத்துகள் இன்னும் வாடாத அந்த வீட்டுக்கு அவன் மனைவியாக லுஜைன் வந்து சில நாட்களே ஆகியிருந்தன. மகனுக்கொரு தளம் என்று கணக்கிட்டுக் கட்டிமுடித்த நிம்மதியோடு உம்மு நிஸாரின் கணவர் கண்மூடியிருந்தார். கட்டடத்துக்குத் தண்ணீர்த் தொட்டி ஒன்று, மாடிப்படி ஒன்று. ரிஹாப் வந்த பிறகு ஹார்ட் டிஸ்க்கும் ஒன்றாயிற்று.

பெண்கள் பள்ளியொன்றில் கணினி கற்பிப்பவள் ரிஹாப். ஒரே பிறந்தநாள் படங்கள் நான்கு வீடுகளில் நான்கு விதமாகத் தொலைவதைப் பொறுக்கமாட்டாமல், கீழ்த்தளத்து ரூட்டரில் ஒரு ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தி, கட்டடத்தில் உள்ள கைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி அனைத்துக்கும் அதைத் திறந்துவிட்டாள். கடவுச்சொல் ஒன்று வைக்கலாம் என்று அப்போது அவள் சொன்னதுண்டு. "என் பிள்ளைங்க வீட்டுக்குள்ள போறதுக்கு நான் கதவைத் தட்டுறதே இல்ல. இதுக்குப் பூட்டு எதுக்கு?" என்றார் உம்மு நிஸார். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது. அன்றிலிருந்து யார் எதை வேண்டுமானாலும் போட்டார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்த்தார்கள். ஏற்பாடு பிசகின்றி நடந்தது. தான் செய்த காரியங்களில் திருத்தம் தேவைப்படாதவை சில உண்டு என்றால் இது அவற்றில் ஒன்று என ரிஹாப் மனத்துக்குள் எண்ணியிருந்தாள்.

அந்த மாலை மஃரிபு தொழுகை முடிந்ததும், ஸ்பெயின் நாட்டுப் பெரும் அணிகள் இரண்டும் மோதும் ஆட்டத்தைப் பார்க்க நிஸாரின் வீட்டில் ஆண்கள் கூடிவிட்டார்கள். வாயிலும் குஸையும் அங்கேதான் இருந்தார்கள். நிஸாரின் நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும் வந்திருந்தார்கள். வாசலில் செருப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. நிஸாரின் மனைவி ஸவ்ஸன், ஒரு குடம் தேநீரைப் போட்டு வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். கீழ்த்தளத்துச் சமையலறையில் மற்றப் பெண்கள் மூவரும் திராட்சை இலைகளில் அரிசியும் இறைச்சியும் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மாமி, உங்களுக்கு ஒரு சந்தோஷச் சேதி வச்சிருக்கேன்," என்றாள் லுஜைன். "கல்யாண வீடியோ வந்துடுச்சு."

"எங்க, காட்டு பாப்போம்!"

"இன்னைக்கு மத்தியானமே ஹார்ட் டிஸ்க்குல போட்டுட்டேன். நீங்க உங்க டிவியிலயே பெருசா பாக்கலாம்."

ரிஹாபின் விரல்களுக்கிடையே இருந்த இலை பாதிச் சுருளில் நின்றது.

"எந்த வீடியோ?" என்று கேட்டாள்.

"நம்ம ஹால்ல எடுத்தது அக்கா. பொம்பளைங்க ஹால்."

அந்த மண்டபத்தின் வாசலிலேயே வந்தவர்களின் கைபேசிகளை எல்லாம் வாங்கிப் பைகளில் போட்டு முடிந்து வைத்தவள் லுஜைனின் அம்மா. படம் எடுத்தவளும் ஒரு பெண்தான். மணமகன் உள்ளே வரப்போகிறான் என்று அறிவித்த பிறகு, முக்காடுகள் எல்லாம் தலைக்கு ஏறும்வரை கதவைத் திறக்கவில்லை. அவ்வளவு காவலோடு எடுத்த படம் இப்போது கட்டடத்தின் எல்லாத் திரைகளுக்கும் திறந்து கிடந்தது.

"லுஜைன், என் உசிரே," என்றாள் ரிஹாப், குரலை இயன்றவரை சமமாக வைத்துக்கொண்டு. "அந்த ஹார்ட் டிஸ்க்கை யாரு யாரு பாப்பாங்க?"

"நாமதான். வீட்டு ஆளுங்க."

"வீட்டு ஆளுங்கள்ல வாயிலும் உண்டு. நிஸாரும் உண்டு."

லுஜைன் கையிலிருந்த இலையைக் கீழே வைத்தாள். அவள் பிறந்த வீட்டில் அவளும் பெற்றோரும் மட்டுமே. வீட்டு ஆட்கள் என்ற சொல்லுக்குள் முக்காடு போட வேண்டியவர்களும் அடங்குவார்கள் என்பதை அவள் நினைத்துப் பார்க்க அதுவரை அவசியம் நேர்ந்ததில்லை.

"அது மட்டும்னாகூடப் பரவாயில்ல," என்றாள் ரிஹாப். "நிஸார் வீட்டு டிவியில, புதுசா எந்த வீடியோ வந்தாலும் பேரும் அதுலேர்ந்து ஒரு படமும் மேல் வரிசையில தானா வந்து நிக்கும். இடைவேளை விட்டதும் அவர் என்ன பண்ணுவார்னு தெரியும்ல? ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து பழைய கோலெல்லாம் போட்டுக் காட்டுவாரு. பாதித் தெரு அங்கதான் உக்காந்திருக்கு."

லுஜைன் எழுந்தே விட்டாள். "அக்கா, என் முடியெல்லாம் அவுந்து... அந்த டிரெஸ்ல... நான் மேஜை மேல ஏறி ஆடினேன் அக்கா!"

"நானும்தான் ஏறினேன்," என்றார் உம்மு நிஸார், இலையைச் சுருட்டியபடியே. "உன் அம்மாதான் கையைப் புடிச்சு ஏத்திவிட்டா. இறக்கிவிடத்தான் ஆளில்ல."

"மாமி, சிரிக்காதீங்க. அவங்க யாராவது பாத்துட்டா இந்த மாடிப்படியில நான் எப்படி ஏறி இறங்குவேன்? தினமும் நிஸார் அண்ணன் முகத்துல எப்படி முழிப்பேன்?"

உம்மு நிஸார் இலையைத் தட்டில் வைத்தார். அவர் சிரிக்கவில்லை. "ரிஹாப், அதை அழிச்சிடு."

"ஐயோ, வேண்டாம்!" என்றாள் லுஜைன். "வேற பிரதியே இல்ல. போட்டோக்காரப் பொண்ணு கம்ப்யூட்டர்ல இருந்ததை எங்கம்மா எதிர்ல உக்காந்து அழிக்க வச்சாங்க. அவ குடுத்த ஃப்ளாஷ் டிரைவையும் அழிச்சுத் திருப்பிக் குடுத்தாச்சு."

ரிஹாப் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு மடிக்கணினியை மாவுப்பானைக்கும் தக்காளிக் கூடைக்கும் நடுவே வைத்துத் திறந்தாள். அழிக்கத் தேவையில்லை. ஹார்ட் டிஸ்க்கிலேயே பூட்டிய அறை ஒன்றைச் செய்து படத்தை அதற்குள் தள்ளிவிட்டால் போதும். ஒரே வட்டுக்குள் இடம் மாற்றுவது கண்ணிமைக்கும் வேலை. அறையைச் செய்தாள். கடவுச்சொல் கேட்கும் கட்டம் வந்ததும் மடிக்கணினியை லுஜைன் பக்கம் திருப்பிவிட்டுத் தான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கும் சொல்லாமலா?" என்றார் உம்மு நிஸார்.

"அவ வீடியோ மாமி. சாவியும் அவகிட்டயே இருக்கட்டும்."

லுஜைன் இரண்டு முறை தவறாக அடித்து, மூன்றாம் முறை சரியாக அடித்தாள். படம் உள்ளே போயிற்று. பொது இடத்தில் அதன் பெயர்கூட இல்லை என்பதை ரிஹாப் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தாள். ஆயினும் அவள் நெற்றிச் சுருக்கம் விலகவில்லை.

"என்ன அக்கா? முடிஞ்சுதுல்ல?"

"இங்க முடிஞ்சுது. அந்த டிவி ஒருதடவை பாத்த படத்தை அணைச்சுப் போடுறவரைக்கும் ஞாபகம் வச்சிருக்கும். வீடியோ ஓடாது, ஆனா அந்தச் சின்னப் படம் வரிசையில வந்து நிக்கும்."

"குஸைக்கு ஒரு போன் போட்டு அணைக்கச் சொல்லு," என்றார் உம்மு நிஸார்.

"வேண்டாம் மாமி!" என்றாள் லுஜைன். "எதுக்கு, எதுக்குன்னு அத்தனை பேருக்கு நடுவுல கேப்பாரு. உங்க பிள்ளைக்கு ரகசியமா பேசவே வராது."

இதை உம்மு நிஸார் மறுக்கவில்லை. வாயிலுக்கு ரிஹாப் போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. ஆட்டம் நடக்கும்போது வாயில் போனை எடுத்ததாக இல்லற வாழ்வில் சான்று ஏதுமில்லை. அந்நிய ஆண்கள் நிறைந்த கூடத்துக்குள் இவர்கள் போய் நிற்கவும் முடியாது. மேலே ஆட்களின் கூச்சல் ஏறிக்கொண்டே போயிற்று. இடைவேளைக்கு அதிக நேரமில்லை.

உம்மு நிஸார் மேலங்கியைப் போட்டுக்கொண்டு எழுந்தார். "மீட்டரெல்லாம் எங்க இருக்கு?"

"உங்க வாசல்ல, படிக்கடியில."

"அப்ப என்ன யோசனை? நிஸார் வீட்டுச் சுவிச்சை இறக்கு. கேட்டா நான் பதில் சொல்றேன்."

மூவரும் மாடிப்படியின் அடியில் போய் நின்றார்கள். வரிசையாக நான்கு மீட்டர்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு சுவிட்சு. ரிஹாப் இரண்டாவதன் மீது விரலை வைத்தாள். அந்தக் கணத்தில் மேலே எல்லாக் குரல்களும் ஒன்றாக "பெனால்டி!" என்று கத்தின. பிறகு மூச்சு விடும் சத்தமும் இல்லாத அமைதி.

"இறக்கு," என்றார் உம்மு நிஸார்.

ரிஹாப் இறக்கினாள்.

ஒரு கணம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த கணம் மலைச்சரிவின் அத்தனை ஜன்னல்களும், எதிர்மலையின் ஜன்னல்களும் சேர்ந்து ஆர்ப்பரித்தன. கார்கள் ஹாரன் அடித்தன. எங்கோ ஒருவன் வாணம் விட்டான். ஊர் முழுக்க அந்தக் கோலைப் பார்த்துவிட்டது, நிஸாரின் கூடத்தைத் தவிர. அங்கிருந்து எழுந்த ஓலம் வேறு வகையானது.

"அபூ பாஸில்!" என்று யாரோ நிஸாரை மகன் பெயரால் விளித்துக் கதறினார். "மீட்டர் கார்டுல காசு போடலையாடா, கஞ்சப் பயலே!"

"எங்களைக் கூப்பிட்டு வச்சு மானத்தை வாங்குறியே!"

"அடுத்த ஆட்டத்துக்கு நான் மெழுகுவர்த்தியோட வர்றேன்!"

"காலை மிதிக்காதடா குருடா!"

படிகளில் வேகமான காலடி கேட்டதும் லுஜைன் வீட்டுக்குள் மறைந்தாள். கைபேசி வெளிச்சத்தோடு நிஸார் இறங்கி வந்தார். கனத்த உடம்பு, மூச்சிரைத்தது. மாமியாரின் கண் சாடையில் ரிஹாப் சுவிட்சை மேலே தூக்கிவிட்டாள்.

"அம்மா! யாரு இதை இறக்கினது?"

"கத்தாத. நான்தான். வயர் தீயுற வாசனை வந்துச்சு. பயந்துட்டேன்." உம்மு நிஸார் காற்றை மோந்து காட்டினார். "இப்ப இல்ல. அல்ஹம்துலில்லாஹ்." சொல்லிவிட்டு, மேற்கொண்டு விசாரணைக்கு இடம் தராமல் உள்ளே போய்விட்டார்.

நிஸார் மீட்டரைப் பார்த்தார். ரிஹாபின் கையைப் பார்த்தார். பிறகு சுவரில் காரை பெயர்ந்த ஓரிடத்தில் பார்வையை நிறுத்திக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசினார்.

"ரிஹாப், டிவிக்காகவா?"

லுஜைன் மறைந்த கதவை ரிஹாப் திரும்பிப் பார்த்தாள்.

"மத்தியானம் லுஹர் தொழுதுட்டு வந்து டிவியைப் போட்டேன். மேல ஒரு பேர் வந்துச்சு. பொம்பளைங்க ஹால்னு வாசிச்சேன் பாரு, படம் வந்து விழறதுக்குள்ள நெட்டு வயரைப் புடுங்கிட்டேன். ஆட்டம் டிஷ்லதான் ஓடுது. பழைய கோலைப் போடுன்னு பயலுக இப்பவே உயிரை எடுக்குறாங்க. நெட்டு வரலைன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அபூ பாஸில்."

"எப்படிச் சொல்றது? ஸவ்ஸன்கிட்டச் சொன்னா அவ தங்கச்சி வரைக்கும் போகும். குஸைகிட்டச் சொன்னா அந்தப் பொண்ணைத் திட்டுவான். உன்கிட்ட நாளைக்குக் காலையில சொல்லணும்னு மத்தியானத்துலேர்ந்து வார்த்தை தேடிக்கிட்டிருக்கேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, பாவம், அது படியில என்னைக் கண்டா ஒதுங்கி ஒதுங்கிப் போகும். அது நம்ம வீட்டுக்கு வந்த பொண்ணு."

"இப்ப பூட்டு போட்டாச்சு," என்றாள் ரிஹாப்.

"நல்லது." நிஸார் ஒரு படி ஏறினார், நின்றார், அவர் அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. "பெனால்டி, ரிஹாப். பெனால்டி!"

"கோல் ஆயிடுச்சு."

"அதை மலையே சொல்லிடுச்சு. எந்தப் பக்கம் அடிச்சான்னுதான் தெரியல."

அவர் பெருமூச்சோடு மேலே போனார். உள்ளே போய்ச் சொல்ல வேண்டிய வாக்கியத்தை ரிஹாப் தன் மாணவிகளுக்குத் தேர்வுக் கேள்வி தயாரிக்கும் கவனத்தோடு அமைத்தாள். அதில் பொய் இருக்கக் கூடாது, தேவைக்கு மேல் ஒரு சொல்லும் கூடாது.

"அந்தப் படத்தை யாருமே பாக்கல," என்றாள்.

"சத்தியமா?" என்றாள் லுஜைன்.

"அல்லாஹ் மேல சத்தியமா."

லுஜைன் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, இலை நீர் ஒட்டிய விரல்களால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சிரிக்கவும் தொடங்கினாள். பானை அடுப்பேறியதும் உம்மு நிஸார் கதவுக்குத் தாழ் போட்டு, ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டார். மடிக்கணினியின் சிறிய திரையில் மூவரும் தலையோடு தலை மோதப் படத்தைப் பார்த்தார்கள். மேஜைக் காட்சி வந்தபோது உம்மு நிஸார் அதை நிறுத்தச் சொல்லி, தம் இடுப்பின் அசைவைக் குற்றங்குறை நோக்கில் ஆராய்ந்து, "முட்டி வலின்னு டாக்டர்கிட்டப் போறவ மாதிரியா இருக்கு?" என்று கேட்டார். மறுபடி போடச் சொன்னார்.

மறுநாள் காலை ரிஹாப் பள்ளிக்குப் புறப்பட்டுக் கதவைத் திறந்தபோது, கீழே நிஸாரின் வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. மேலிருந்து இறங்கிப்போன லுஜைன் அங்கே நின்றிருந்தாள். ஒதுங்கி நிற்கவில்லை, கைப்பிடிச் சுவரில் கையூன்றி, நேரே நிமிர்ந்து நின்றிருந்தாள்.

"காலை நலமாகட்டும், மணப்பெண்ணே," என்றார் நிஸார்.

"உங்களுக்கும் அண்ணா. நேத்து யாரு ஜெயிச்சா?"

"எங்க ஆளுங்க தோத்துட்டாங்க. ஒரு கோலை நான் பாக்கவே இல்ல."

"அப்படியா? ஏன்?"

"கரண்ட் போயிடுச்சும்மா. அம்மாவுக்கு வயர் தீயுற வாசனை வந்துச்சாம்."

"ஆமாமா," என்றாள் லுஜைன், முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு. "எனக்கும் வந்துச்சு. பயங்கர வாசனை."

"எனக்கும் லேசா வந்த மாதிரிதான் இருந்துச்சு," என்றார் நிஸார் அதைவிட உறுதியான முகத்தோடு. "எதுக்கும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டிடுவோம்."

ரிஹாப் அடி வைக்காமல் காத்திருந்தாள். இருவரும் சிரிப்பு வெடிக்காமல் தத்தம் வழியே பிரிந்த பிறகு, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியிறங்கினாள்.