ஊரே பிறந்த ஜனவரி ஒன்று

வாரத்துக்கு ஐந்து நிமிடம். அவ்வளவுதான் மெஹ்விஷுக்குக் கிடைத்திருந்த ராஜ்ஜியம்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் திருவண்ணாமலையின் உள்ளூர் கேபிள் சேனலில் 'இந்த நாளில்' என்று ஒரு நிகழ்ச்சி. அதே தேதியில் பிறந்த நடிகர்கள், பாடகர்கள், அன்றைக்கு நாடக உலகத்தில் நடந்த சங்கதிகள் என்று போனில் தேடிப் பிடித்து அவள் வாசிப்பாள். மற்ற நேரமெல்லாம் அவள் பதினோராம் வகுப்பில் வாத்தியார் பேர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நின்று பெஞ்சையே பார்க்கிற ஜாதி. அந்த ஐந்து நிமிடம் மட்டும் எந்தச் சாமி புண்ணியமோ, நாக்கு வழுக்கிக்கொண்டு ஓடும்.

அவளுடைய அப்பா அய்யூப், சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர். கல்யாணமோ கூத்தோ கட்சிக் கூட்டமோ, அந்தப் பக்கத்தில் எது நடந்தாலும் அவர் பெட்டிதான் அலறும். வெள்ளிக்கிழமையானால் வீட்டு டிவியை இரண்டு பெரிய பெட்டிகளில் இணைத்து வாசலில் வைத்துவிடுவார். மகள் குரலிலிருந்து தெருவில் ஒரு ஜீவனும் தப்பிக்க முடியாது.

இந்த ராஜ்ஜியத்துக்குத்தான் டிசம்பர் மாசம் ஆபத்து வந்தது. கொண்டுவந்தவள் கீதாஞ்சலி. சேனலில் செய்தி வாசிப்பது, கேமரா பிடிப்பது, விளம்பரம் கேட்டுக் கடை கடையாக ஏறுவது எல்லாம் அவள் ஒருத்தியே.

"ஏம்மா, வாரா வாரம் பொறக்கறவன் பூரா வெளிநாட்டுலயே பொறக்கறான். நம்ம ஊர்ல எவனும் பொறக்கவே இல்லியா? நியூ இயர் ஸ்பெஷலுக்கு உள்ளூர் கலைஞர் வேணும். இல்லனா சொல்லிடு, அந்த அஞ்சு நிமிஷத்துல ஜோசியத்த போட்டுக்கறேன். ஜோசியர் ரெடியா கீறாரு."

ஜோசியருக்குத் தன் இடத்தை விட்டுக்கொடுப்பதா? மெஹ்விஷ் அப்பாவிடம் நம்பர் வாங்கி, அடி அண்ணாமலையில் இருக்கும் கூத்துக் குழுவுக்கு, ஜமாவுக்கு, போன் போட்டாள். ஜமாவின் வாத்தியார் பெயர் அர்ஜுனன். ஆனால் முப்பது வருஷமாகக் கட்டுவது துரியோதனன் வேஷம்.

"மாமா, உங்க பொறந்த தேதி சொல்லுங்க."

"எதுக்கும்மா? பென்சன் கின்சன் எதனா வருதா?"

"இல்ல மாமா, டிவிக்கு."

"ஜனவரி ஒண்ணு."

மெஹ்விஷ் துள்ளிவிட்டாள். தேடிய தேதியே கையில் வந்து விழுந்துவிட்டது! அடுத்து, திரௌபதி வேஷம் கட்டும் ராஜாவைக் கேட்டாள். ஜனவரி ஒண்ணு. கட்டியக்காரனாக வந்து ஜனங்களைச் சிரிக்கவைக்கும் ராஜமாணிக்கம்? ஜனவரி ஒண்ணு. மிருதங்கக்காரர், தாளம் போடுபவர், முகவீணை ஊதுபவர், அத்தனை பேரும் ஜனவரி ஒண்ணு.

இந்த இடத்தில் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்தான். ஆனால் அந்த வயசு மூளைக்கு அதிசயம்தான் ருசிக்கும், யோசனை கசக்கும்.

"மாமா, ஜமா ஆரம்பிச்சது எப்போ?"

"அதுவும் ஜனவரி ஒண்ணுனே போட்டுக்கோம்மா. ஒரே கணக்கா இருக்கட்டும்."

"மொதமொதல்ல மைக் வச்சு ஆடுனது?"

"அதயும் அன்னிக்கே போட்டுடு."

வெள்ளிக்கிழமை மெஹ்விஷ் கேமராவைப் பார்த்து, கண்கள் பளபளக்க அறிவித்தாள்: புத்தாண்டு அன்றே பிறந்து, புத்தாண்டு அன்றே ஜமா தொடங்கி, புத்தாண்டு அன்றே மைக் பிடித்த கலைஞர்கள் நம் மண்ணில் வாழ்கிறார்கள்! இப்படி ஒரு அதிசயம் உலகத்தில் வேறெங்காவது உண்டா?

கீதாஞ்சலி முதல் முறையாக அவளைக் கட்டிப்பிடித்தாள். பேக்கரிக்காரர் ஒருவர் இலவசமாகக் கேக் தருவதாகப் போன் செய்தார். ஜனவரி ஒன்று சாயந்தரம் அடி அண்ணாமலையில் ஜமாவின் கூத்து, கேக் வெட்டு, பேட்டி, எல்லாம் நேரலை என்று முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்தவள் அரசி மாதிரி சாப்பிட உட்கார்ந்தாள். அம்மா ரசியா பேகம் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அரே, இதுல என்னடி அதிசயம்? எனக்கும் ஜனவரி ஒண்ணுதான்."

"அம்மி! நீங்க ரம்ஜான் மாசம் பொறந்தேன்னு சொல்வீங்களே?"

"அது அல்லா குடுத்த பொறந்தநாளு. இது ஆதார் கேம்ப்ல குடுத்தது."

அய்யூப் எலும்பைக் கடித்தபடி ஆமோதித்தார். "எனக்கும் அதான். வயசு தெரியும், தேதி தெரியாதுன்னோம். அந்தப் பையன் டக்குனு ஜனவரி ஒண்ணுன்னு தட்டிட்டான். அன்னிக்கு லைன்ல நின்னவங்க முக்காவாசி பேருக்கு அதான். எதிர்வீட்டு கஸ்தூரி, டீக்கடைக்காரரு..."

மெஹ்விஷின் கையில் இருந்த கவளம் தட்டிலேயே விழுந்தது.

"அப்பா! இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"நீ எங்கம்மா கேட்ட? நீ பேசற, நாங்க கேக்கறோம். ஃப்ரைடேனா அதான வழக்கம்?"

அன்றைக்கு அவள் படுத்தாளே தவிரத் தூங்கவில்லை. கண்ணை மூடினால் ஜோசியர் சோழி உருட்டினார். உண்மையைச் சொன்னால் கீதாஞ்சலி அக்கா துரத்திவிடுவாள். சொல்லாமல் விட்டால் நேரலையில் ஊரே துரத்தும். எப்படிப் பார்த்தாலும் ஐந்து நிமிடம் போச்சு. மறுபடி பெஞ்சைப் பார்க்கிற பெண்ணாகத்தான் சாக வேண்டும்.

மறுநாள் சாயந்தரம் அடி அண்ணாமலைக்கு ஷேர் ஆட்டோ பிடித்தாள். கிரிவலப் பாதையோரம் ராஜமாணிக்கம் கரும்பு ஜூஸ் பிழிந்துகொண்டிருந்தார். பகலில் அதுதான் அவர் தொழில். பக்கத்தில் ஸ்டூலில் வாத்தியார் அர்ஜுனன்.

"மாமா, நீங்க யாருமே ஜனவரி ஒண்ணு பொறக்கலயாமே!" என்றாள். அதற்குள் அழுகை முட்டியது.

"யார் சொன்னது?" என்றார் ராஜமாணிக்கம். "கவர்மென்ட்டே ஒத்துக்கினு கீது. உனுக்கு மட்டும் இன்னா சந்தேகம்?"

"மாமா, வெளையாடாதீங்க. நான் கலைஞர்ங்க எல்லாரும் ஜனவரி ஒண்ணு பொறந்தவங்கன்னு டிவில சொல்லிட்டேன்."

"கலைஞர்னு சொன்ன, அது நெசம். பொறந்தநாளு பொய்யி. பாதிக்குப் பாதி நெசம் சொல்றதே இந்தக் காலத்துல பெருசும்மா. இந்தா, ஜூஸ குடி."

"கேன்சல் பண்ணிடலாமா மாமா?"

அர்ஜுனன் பதறி எழுந்துவிட்டார். "ஐயய்யோ, எங்க ஊட்டுல புதுப்பொடவ எடுத்தாச்சு! ராஜா மீசைய வழிச்சுட்டு நேத்துலேர்ந்து கண்ணாடி முன்னாடியே நிக்கறான். அறுவது வருஷத்துல எங்களுக்கு யாரும்மா கேக் வெட்டுனாங்க? நீ பயப்படாத. ராத்திரி பூரா பீமனையே சமாளிக்கறவன் நானு. ஒரு பேட்டியா பெருசு?"

பெருசுதான் என்பது ஜனவரி ஒன்று அன்று தெரிந்தது.

புத்தாண்டுக்கு மலை சுற்ற வந்த கூட்டம் மேடை முன்னால் அப்படியே தேங்கி நின்றது. அய்யூப் பெட்டிகளை நாலு திசைக்கும் திருப்பி வைத்திருந்தார். கேக் மேல் எல்லார் பெயரும் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தது. தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, முகமெல்லாம் சிவப்பு என்று நின்ற துரியோதனன் முன்னால் கீதாஞ்சலி ஒரு கையில் கேமராவைப் பிடித்தபடி மைக்கை நீட்டினாள்.

"அய்யா, நீங்க பொறந்த அந்த நியூ இயர் அன்னிக்கு வீட்டுல என்ன விசேஷம் நடந்துச்சு? அம்மா சொல்லியிருப்பாங்களே?"

பாண்டவர்களை நடுங்கவைக்கும் வாய் இரண்டு முறை திறந்து மூடியது.

"அது வந்தும்மா... பட்டாசு... பட்டாசு வெடிச்சாங்க."

"நியூ இயருக்கா? அறுவது வருஷம் முன்னாடியா? அடி அண்ணாமலைலயா?"

"வேற எதுக்கோ வெடிச்சிருப்பாங்கம்மா. நான் சின்னப் புள்ள, சரியா தெரியல."

கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. கீதாஞ்சலியின் நெற்றி சுருங்கியது. அவள் அடுத்து திரௌபதி பக்கம் திரும்ப, ராஜா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு கட்டியக்காரன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தார்.

மெஹ்விஷுக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. இன்னும் ஒரு கேள்வி, எல்லாம் முடிந்தது. அப்போது அவள் கண்ணில் மேடை ஓரத்தில் மடித்து வைத்திருந்த திரைத்துணி பட்டது.

கூத்தில் மன்னனானாலும் சாமியானாலும் திடுதிப்பென்று வந்து நின்றுவிட முடியாது. இரண்டு பேர் திரை பிடிக்க, வேஷக்காரர் அதன் பின்னால் நிற்பார். முன்னால் கட்டியக்காரன் நின்று, நீ யார், எந்த தேசம், என்ன காரியமாக வந்தாய் என்று விசாரிப்பான். பதில் வந்தால்தான் திரை விலகும். அங்கே கட்டியக்காரன் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். யாருக்கும் கோபம் வரக்கூடாது.

மெஹ்விஷ் ஓடிப்போய்த் துணியின் ஒரு முனையைத் தூக்கினாள். "ராஜமாணிக்கம் மாமா! திரை!"

அவர் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார். மறுமுனையைத் தாளக்காரர் கையில் கொடுத்துவிட்டு, ஒரு குட்டிக்கரணம் போட்டு முன்னால் வந்து நின்றார். மிருதங்கம் தானாகவே எழுந்துகொண்டது.

"திரைக்குப் பின்னால யாரய்யா நீ?"

"அஸ்தினாபுரத்து மன்னன், துரியோதன மகாராஜன்!" அர்ஜுனனுக்கு உயிர் திரும்பிவிட்டது.

"மகாராஜாவே, தாங்கள் பொறந்தது எப்போ?"

"ஜனவரி ஒண்ணு!"

"சாட்சி யாரு?"

"ஆதார்!"

கூட்டம் கொல்லென்றது. அடுத்து திரௌபதி. "அக்கினியில பொறந்த அம்மா, அந்தத் தேதியச் சொல்லு." "ஜனவரி ஒண்ணு, மாமா." "நெருப்புல பொறந்தவளுக்கும் அதே தேதியா? அங்கயும் கேம்ப் போட்டாங்களா?" அதற்குமேல் கூட்டத்தை அடக்க முடியவில்லை. பொரிகடலை விற்றவர் கையைத் தூக்கி "எனக்கும் ஜனவரி ஒண்ணு!" என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு தாத்தா. அப்புறம் வரிசை வரிசையாகக் கைகள். "எனக்கும்! எனக்கும்!" சவுண்ட் செட் பக்கத்திலிருந்து அய்யூப் இரண்டு கையையும் தூக்கினார், ஒன்று ரசியா பேகத்துக்காக.

கீதாஞ்சலி கேமராவுக்குப் பின்னால் சிலையாக நின்றிருந்தாள். அவள் முகம் தெரியவில்லை. அதுதான் மெஹ்விஷை இன்னும் பயமுறுத்தியது. ஆனாலும் திரையைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தால் ஆகாது. முனையை ராஜாவிடம் கொடுத்துவிட்டு அவளே திரைக்குப் பின்னால் போய் நின்றாள்.

ராஜமாணிக்கம் எட்டிப் பார்த்தார். குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டார்.

"திரைக்குப் பின்னால யாரும்மா நீ? எந்த தேசம்?"

"மெஹ்விஷ். கேபிள் தேசம்."

"இன்னா காரியமா வந்த?"

"தப்பா சொன்னத சரி பண்ண வந்தேன். இவங்க யாருமே ஜனவரி ஒண்ணு பொறக்கல. ஒரு வார்த்த விசாரிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். நான் விசாரிக்கல. அதிசயம்னு சொல்லிட்டேன்."

கட்டியக்காரன் தாடையைத் தடவினான்.

"அது சரி, நீ எப்ப பொறந்த?"

"ஆகஸ்ட் பத்தொம்போது. ஜி.எச்.ல. டாக்டர், நர்ஸ் எல்லாம் பார்த்தாங்க."

"அடி ஆத்தாடி! இவ்வளவு பேர்ல நெசமா பொறந்தவ நீ ஒருத்திதானா?"

திரை விலகியது. விசில் பறந்தது. மெஹ்விஷ் மட்டும் கேமராவையே பார்த்தாள். கேமரா நடுங்கிக்கொண்டிருந்தது. கோபமா? இல்லை. கீதாஞ்சலி வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தாள். 

அந்த நேரம் பார்த்து முன்வரிசையை முட்டித் தள்ளிக்கொண்டு ஒரு அம்மா மேடையருகே வந்தாள். சரசு என்று பெயர். கீழ்பென்னாத்தூரிலிருந்து மலை சுற்ற வந்தவள்.

"ஏம்ப்பா, இருங்கப்பா! நான் நெசமாலுமே ஜனவரி ஒண்ணு பொறந்தவ! ஆஸ்பத்திரி சீட்டு இன்னும் கீது. ஆதார்லதான் ஏப்ரல்னு போட்டுட்டான். எவன்கிட்ட சொல்லியும் நம்பல!"

"அம்மா, இது கலைஞருங்களுக்கான நிகழ்ச்சி" என்றார் அர்ஜுனன், கேக்கைப் பாதுகாப்பாக மறைத்து நின்றபடி. "உனுக்கு நடிக்கத் தெரியுமா?"

"தெரியுமாவா? இருவது வருஷமா எங்க மாமியாகிட்ட நடிச்சுக்கினு கீறேன்!"

கீதாஞ்சலி கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு கை மட்டும் நீண்டு மெஹ்விஷை உலுக்கியது.

"இன்னும் இன்னாடி மரம் மாதிரி நிக்கற? ஓடு, அந்த அம்மாகிட்ட மைக்க குடு! சீட்டுல இன்னா தேதி கீதுன்னு அவங்க வாயால சொல்ல வை. விசாரிச்சுட்டுப் பேசு!"

மெஹ்விஷ் மைக்கைத் தூக்கிக்கொண்டு மேடையிலிருந்து குதித்தாள்.